முயலுக்கு ஒரு மருத்துவர்

நேயர்களுக்கு வணக்கம்.

வீட்டில் பெண்முயல் வளர்ப்பவர்கள் என்னிடம் வழக்கமாக இரண்டு கேள்விகள் கேட்பார்கள். அதற்குக் கருத்தடை அறுவை சிகிச்சை தேவையா? தேவையென்றால் யாரை நம்பிக் கொடுப்பது? முதல் கேள்விக்கான பதில் சுருக்கமானது. இரண்டாவதுதான் பலரை மாதக்கணக்கில் அலைய வைக்கிறது. அதைப் பற்றியே இன்று அதிகம் பேச விரும்புகிறேன்.

தேவை என்பதே என் பதில். முயலின் சினைக்காலம் ஏறத்தாழ 31 நாள். குட்டி ஈன்ற அன்றே அது மறுபடி சினைப்பட்டுவிடும். சந்தையில் 'இரண்டும் பெண்தான்' என்று சொல்லி விற்ற இளங்குட்டிகளில் ஒன்று ஆணாக வளர்ந்து நிற்பது அடிக்கடி நடப்பதுதான். ஆனால் குட்டிகளைவிடப் பெரிய காரணம் ஒன்று உண்டு. அது கருப்பைப் புற்றுநோய். இந்த அறுவையில் கருப்பையையே எடுத்துவிடுவதால் அந்த ஆபத்து நீங்கும். கருத்தடை செய்யாமல் மூன்று, நான்கு வயதைத் தாண்டிய பெண்முயல்களில் இந்நோய் மிகச் சாதாரணமாக வருகிறது. சில இனங்களில் பாதிக்கும் மேற்பட்டவற்றைத் தாக்கியதாக ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. நுரையீரல் வரை பரவக்கூடியது. 'எங்கள் முயல் ஒற்றைதானே, துணையே கிடையாதே' என்பவர்களுக்கும் இதையேதான் சொல்வேன். ஆணை அண்டாத முயலுக்கும் இந்நோய் வரும். நன்றாகப் பார்த்துக்கொண்டால் எட்டு, பத்து ஆண்டுகள் நம்முடன் இருக்க வேண்டிய உயிர் அது.

இனி, மயக்க மருந்து கொடுத்தால் முயல் இறந்துவிடுமோ என்ற பயத்துக்கு வருவோம். அந்தப் பயம் நியாயமானது. பிரிட்டனில் ஏராளமான கால்நடை மருத்துவமனைகளின் பதிவுகளைத் திரட்டி 2008இல் ஓர் ஆய்வு வெளியானது. மயக்க மருந்து கொடுக்கப்பட்ட நாய்களில் 0.17 சதவீதமும் பூனைகளில் 0.24 சதவீதமும் இறந்திருந்தன. முயல்களில் அது 1.39 சதவீதம். நோயில்லாத முயல்களை மட்டும் எடுத்துக்கொண்டாலும் 0.73. இந்த எண்களைக் கேட்டுச் சிலர் அறுவை சிகிச்சையே வேண்டாமென்று விட்டுவிடுகிறார்கள். அதே ஆய்வில் இன்னொரு செய்தியும் இருக்கிறது. இறந்த முயல்களில் பாதிக்கு மேல் கத்தியின் கீழ் இறக்கவில்லை. அறுவை முடிந்த பின்னரே இறந்தன. அப்படியானால் கைத்திறனோடு, முன்னும் பின்னும் முயலை முயலாக அறிந்து கவனிப்பவர் நமக்கு வேண்டும்.

அப்படிப்பட்டவரைத் தேடுவது நம் ஊரில் ஏன் கடினமாக இருக்கிறது? தமிழ்நாட்டில் முயல் நெடுங்காலமாகப் பண்ணை விலங்கு. கொடைக்கானல் மலையில் மன்னவனூரிலும் உதகைக்கு அருகே சாண்டிநல்லாவிலும் உள்ள ஆராய்ச்சி நிலையங்கள் முயல் வளர்ப்புக்குப் பெரும் பணி செய்திருக்கின்றன. வெள்ளை ஜயண்ட், சோவியத் சின்சில்லா போன்ற இனங்கள் நம் விவசாயிகளுக்கு அறிமுகமான கதை அது. ஆனால் இறைச்சிக்காக வளரும் முயல் சில மாதங்களில் விற்கப்பட்டுவிடும். அதற்கு யாரும் கருப்பையை எடுப்பதில்லை. எனவே நூற்றுக்கணக்கான நாய்களுக்குக் கருத்தடை செய்த கைராசிக்காரரான மருத்துவர்கூட ஒரு பெண்முயலின் வயிற்றைத் திறந்தே இராமல் போகலாம். அது அவருடைய குறையன்று. ஆனால் நாம் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டிய செய்தி.

'முயல் பார்ப்பீர்களா டாக்டர்?' என்று கேட்டால் பெரும்பாலும் 'பார்ப்போம்' என்றுதான் பதில் வரும். கேள்வி அதுவன்று. கடந்த ஓராண்டில் எத்தனை பெண்முயல்களுக்கு இந்த அறுவையைச் செய்தீர்கள், அவை எப்படி இருக்கின்றன என்று கேளுங்கள். பெண்முயல் என்று அழுத்திக் கேட்பது அவசியம். ஆண்முயலுக்கு விதை நீக்குவது ஒப்பளவில் எளிது. பெண்முயலுக்கு வயிற்றைத் திறக்க வேண்டும்.

அடுத்து, 'முந்தின இரவு சாப்பாட்டை நிறுத்த வேண்டுமா?' என்று கேளுங்கள். எனக்கு இந்த ஒரு கேள்வியே பாதி விடையைத் தந்துவிடும். நாயையும் பூனையையும் வெறும் வயிற்றில் அழைத்துவரச் சொல்வார்கள்; மயக்கத்தில் வாந்தி எடுத்தால் ஆபத்து என்பதால். முயலால் வாந்தியெடுக்கவே முடியாது. மாறாக, அதன் குடல் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். இரவு முழுதும் பட்டினி போட்டால் குடல் அசைவு நின்று, அதுவே உயிரை எடுத்துவிடும். வாயில் உணவு தங்காதிருக்க ஓரிரு மணி நேரம் நிறுத்தினால் போதும். 'ராத்திரியிலிருந்து எதுவும் கொடுக்காதீர்கள்' என்று ஒருவர் சொன்னால் நான் நன்றி சொல்லிவிட்டு வேறு மருத்துவரைத் தேடுவேன்.

மருந்தையும் கேளுங்கள். அமாக்சிசிலின், கிளிண்டாமைசின் போன்ற நுண்ணுயிர்க்கொல்லிகளை வாய்வழியே கொடுத்தால் முயலின் குடலிலுள்ள நல்ல நுண்ணுயிர்கள் அழிந்து நச்சுக்கிருமி பெருகும். முயல் அறிந்த மருத்துவர் இதை நீங்கள் கேட்கும் முன்பே சொல்லுவார். வலி நீக்கும் மருந்து எத்தனை நாளைக்கு என்பதும் முக்கியம். வலியிருந்தால் முயல் சாப்பிடாது. சாப்பிடாவிட்டால் மறுபடியும் அதே குடல் சிக்கல்.

தொலைபேசியில் பேசி முடித்தபின், அறுவைக்கு நாள் குறிக்கும் முன், ஒருமுறை வெறும் பரிசோதனைக்குப் போய் வாருங்கள். மருத்துவர் முயலைத் தூக்குவதைக் கவனியுங்கள். ஒரு கை நெஞ்சுக்கடியில், மறு கை பின்புறத்தைத் தாங்கி, முயலைத் தம் உடம்போடு அணைத்தபடி தூக்குபவர் பழகியவர். பின்னங்கால்களைத் தாங்காமல் பிடித்தால், அது உதைக்கும் வேகத்திலேயே தன் முதுகெலும்பை முறித்துக்கொள்ளும். காதைப் பிடித்துத் தூக்கினால் அங்கேயே கூடையில் வைத்துக் கிளம்பிவிடுங்கள். நல்ல மருத்துவர் எடை பார்ப்பார், மேசையில் துண்டு விரிப்பார், கடைவாய்ப் பற்களைச் சிறு விளக்கால் பார்ப்பார், புழுக்கை எப்படிப் போகிறது என்று விசாரிப்பார்.

எங்கே தேடுவது? 1903இல் தொடங்கிய சென்னை வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரியும், நாமக்கல், ஒரத்தநாடு, திருநெல்வேலி ஆகிய ஊர்களின் கல்லூரிகளும் மருத்துவமனையோடு இயங்குபவை. அங்கே விசாரிக்கத் தொடங்கலாம். கிளி, ஆமை போன்ற பிராணிகளையும் பார்க்கும் மருத்துவர்களிடம் கேட்கலாம். உங்கள் ஊர் மருத்துவர், 'எனக்கு இதில் பழக்கமில்லை, இன்னாரிடம் போங்கள்' என்றால் அவரை மதியுங்கள். காது சொறி போன்றவற்றுக்கு அவரிடமே போங்கள். அறுவைக்காக வெளியூர் போவதென்றால் சித்திரை, வைகாசி வெயிலைத் தவிருங்கள். முயலுக்கு வெப்பம் தாங்காது.

வீட்டுக்கு வந்தபின் கவனமெல்லாம் தட்டில் இருக்க வேண்டும். கொத்தமல்லித் தழை, அருகம்புல், அது விரும்பும் எதையும் முகத்தருகே வையுங்கள். புழுக்கை முதலில் சிறுத்து, எண்ணிக்கை குறைந்து வரும். பிறகு கடலை அளவுக்கு உருண்டு திரண்டு வரத் தொடங்கினால் குடல் விழித்துக்கொண்டது என்று பொருள். பன்னிரண்டு மணி நேரமாகியும் தின்னாமல், புழுக்கையும் போடாமல் மூலையில் குறுகி உட்கார்ந்து பல்லை நறநறவென்று கடித்தால் விடியும்வரை காத்திருக்கக் கூடாது. இரவில் யாரை அழைப்பது என்பதை அறுவைக்கு முன்பே கேட்டு எண்ணை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

இந்த உரையைக் கேட்டுக்கொண்டிருக்கும் கால்நடை மருத்துவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். வாரத்தில் ஒரு மணி நேரத்தை, நாய்கள் வராத நேரமாகப் பார்த்து, முயல்களுக்கென்று ஒதுக்குங்கள். அந்த நேரத்தை மருத்துவமனைப் பலகையில் எழுதி வையுங்கள். கூடையோடு ஊர் ஊராக அலைபவர்கள் உங்களைத் தேடி வருவார்கள்.

நன்றி. வணக்கம்.