மலிவுக் கன்றா, நர்சரிக் கன்றா? பழமரம் வாங்கும் முன்

(திரையில்: அருகருகே இரண்டு ஆப்பிள் கன்றுகள்)

வணக்கம். திரையில் இருக்கும் இரண்டு ஆப்பிள் கன்றுகளும் ஒரே உயரம். இரண்டிலும் ஒரே ரகத்தின் பெயர்தான் எழுதியிருக்கிறது. இடப்பக்கம் இருப்பது சூப்பர்மார்க்கெட் வாசலில் அடுக்கி விற்கும் வகை. வலப்பக்கம் இருப்பது பழமரங்களை மட்டுமே வளர்க்கும் நர்சரியிலிருந்து வந்தது, விலை பல மடங்கு அதிகம். அந்தக் கூடுதல் பணத்துக்கு நமக்கு என்ன கிடைக்கிறது, எப்போது கொடுக்கலாம், எப்போது கொடுக்கவே வேண்டாம் என்று இந்த வீடியோவில் பார்ப்போம்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். மலிவாக இருப்பதாலேயே ஒரு கன்று மட்டமானதாகிவிடாது. பெரிய பண்ணைகளில் முறையாக ஒட்டுக்கட்டி வளர்த்த கன்றுகளும் சூப்பர்மார்க்கெட்டுக்கு வருகின்றன. பண்ணையை விட்டு லாரி ஏறும்போது அவை நன்றாகவே இருக்கலாம். வித்தியாசம் வருவது இரண்டு இடங்களில்: கன்றைப் பற்றி வாங்குபவருக்கு எவ்வளவு சொல்கிறார்கள், விற்பனைக்கு நின்ற நாட்களில் அதை எப்படி வைத்திருந்தார்கள். இரண்டில் முதலாவதுதான் பெரிது.

(திரையில்: தண்டின் அடிப்பகுதி, மிக அருகில்)

மண்ணுக்குக் கொஞ்சம் மேலே தண்டு லேசாகப் புடைத்து வளைந்திருக்கிறது, பாருங்கள். அதுதான் ஒட்டு. ஆப்பிள் விதையைப் போட்டால் தாய் மரத்தின் அதே பழம் கிடைக்காது. ஒவ்வொரு விதையும் ஒரு புதுக் கலப்பு. அதனால்தான் நமக்கு வேண்டிய ரகத்தின் குச்சியை எடுத்து வேறொரு செடியின் வேர்மேல் ஒட்டுகிறார்கள். பழத்தின் சுவையும் நிறமும் மேலே இருக்கும் குச்சியிலிருந்து வருகின்றன. மரம் எவ்வளவு உயரம் போகும், எத்தனை வருடத்தில் காய்க்கும், எந்த மண்ணைத் தாங்கும் என்பதையெல்லாம் பெருமளவு முடிவு செய்வது கீழே இருக்கும் வேர்ச்செடி. மலிவுக் கன்றின் லேபிளில் பெரும்பாலும் மேல்பாதியின் பெயர் மட்டுமே இருக்கும். கீழ்ப்பாதி யார் என்று தெரியாமலே ஒரு மரத்தை வீட்டுக்குக் கொண்டுவருகிறோம்.

இந்தக் குழப்பம் பழையது. ஐரோப்பாவில் பல நூற்றாண்டுகளாகக் குட்டை ஆப்பிள் மரங்களுக்கு ‘பாரடைஸ்’ என்ற பெயரில் வேர்ச்செடிகள் கைமாறிக்கொண்டே இருந்தன. இங்கிலாந்தில் 1913இல் தொடங்கிய ஈஸ்ட் மாலிங் ஆய்வு நிலையத்தில் ரொனால்ட் ஹாட்டன் அவற்றைத் திரட்டி வளர்த்துப் பார்த்தார். ஒரே பெயரில் வேறு வேறு செடிகள் இருந்தன, ஒரே செடிக்குப் பல பெயர்கள் இருந்தன. அவற்றைப் பிரித்து ஒவ்வொன்றுக்கும் எண் கொடுத்தார்கள். இன்று நல்ல நர்சரியின் லேபிளில் எம்-9, எம்-26 என்று பார்க்கிறோமே, அந்த ‘எம்’ மாலிங்கைக் குறிக்கிறது. பிறகு மெர்டன் என்ற இடத்தில் இருந்த ஜான் இன்னஸ் நிறுவனத்துடன் சேர்ந்து, வேரைத் தாக்கும் பஞ்சு அசுவினிப் பூச்சியைத் தாங்கக்கூடிய வேர்ச்செடிகளை உருவாக்கினார்கள். எம்எம்-106, எம்எம்-111 எல்லாம் அந்த வரிசை.

(திரையில்: ஐந்து மரங்களின் உயர ஒப்பீடு)

இந்த எண்கள் தரையில் என்ன செய்கின்றன? ஒரே ரகத்தை எம்-27 மேல் ஒட்டினால் மரம் ஏறக்குறைய 2 மீட்டருக்குள் நின்றுவிடும். எம்-9 என்றால் 2 முதல் 3 மீட்டர். எம்-26 அதைவிடக் கொஞ்சம் கூடுதல். எம்எம்-106 என்றால் 4 மீட்டர் வாக்கில். எம்-25 என்றால் 5 மீட்டரைத் தாண்டி, ஏணி வைத்துப் பறிக்கிற பெரிய மரம். மண்ணையும் கவாத்தையும், அதாவது கிளை வெட்டுவதையும், பொறுத்து இது கூடும், குறையும். எம்-9 இரண்டு மூன்று வருடத்திலேயே காய்க்கத் தொடங்கும். ஆனால் அதன் வேர் வலுவற்றது என்பதால் வாழ்நாள் முழுக்க முட்டுக்கம்பு வேண்டும், சத்துக் குறைந்த மண்ணில் திணறும். எம்-25 வறண்ட, சத்தில்லாத மண்ணிலும் தாக்குப்பிடிக்கும், ஆனால் காய்ப்புக்குப் பொறுமையாகக் காத்திருக்க வேண்டும்.

இப்போது சின்னத் தோட்டம் வைத்திருப்பவரின் நிலையை யோசியுங்கள். சுவரோரமாக 3 மீட்டர் இடம். ‘குட்டை மரம்’ என்று மட்டும் எழுதிய கன்றை வாங்கி நடுகிறார். ஐந்தாம் வருடம் அது ஜன்னலை மறைக்கிறது. உயரத்தை அடக்கப் பலமாக வெட்டுகிறார். வெட்டினால் மரம் இன்னும் வேகமாக இலையும் கிளையுமாகத் துளிர்க்கிறது, காய் குறைகிறது. அடியில் இருக்கும் வேரைக் கவாத்தால் மாற்ற முடியாது. கன்று வாங்கியபோது மிச்சமான பணம் அந்த ஐந்து வருடத்துக்கு ஈடாகாது. வேர்ச்செடியின் பெயரை இவ்வளவு அழுத்திச் சொல்வது இதனால்தான்.

பேரி, செர்ரி, ப்ளம் மரங்களுக்கும் இதே கதைதான், பெயர்கள்தான் வேறு. பேரிக்குக் குயின்ஸ் என்ற வேறொரு பழமரத்தின் வேர், ப்ளமுக்குச் செயின்ட் ஜூலியன் ஏ அல்லது பிக்சி, செர்ரிக்குக் கோல்ட் அல்லது கிசெலா-5. பேரியில் கூடுதலாக ஒரு சிக்கல் உண்டு. வில்லியம்ஸ் போன்ற சில ரகங்கள் குயின்ஸ் வேரோடு சரியாக ஒட்டாது. நடுவில் இரண்டுக்கும் ஒத்துப்போகும் இன்னொரு ரகத்தின் துண்டை வைத்து இரட்டை ஒட்டு போட வேண்டும். இது தெரிந்தவரிடம் வாங்கினால் நாம் கவலைப்பட வேண்டியதில்லை.

எலுமிச்சைக் குடும்பத்தில் இது உயிர்ப் பிரச்சினையாகவே இருந்திருக்கிறது. 1930களில் தொடங்கி பிரேசிலிலும் அர்ஜென்டினாவிலும் டிரிஸ்டெசா என்ற வைரஸ் பல லட்சம் மரங்களைக் கொன்றது. புளிப்பு ஆரஞ்சு வேர்மேல் ஒட்டிய மரங்கள் பட்டுப்போயின, நோயைத் தாங்கும் வேர்மேல் இருந்தவை பிழைத்தன. வைரஸ் அசுவினியால் பரவும், நோயுள்ள மரத்திலிருந்து ஒட்டுக்கட்ட எடுக்கும் மொட்டு வழியாகவும் பரவும். ஆகவே ஆரஞ்சு, எலுமிச்சை வாங்குவதாக இருந்தால் நோயற்றது எனச் சான்று பெற்ற தாய்மரத்திலிருந்து எடுத்த கன்றைத்தான் வாங்கச் சொல்வேன். இந்த ஒரு விஷயத்தில் மலிவைப் பார்க்க வேண்டாம்.

அடுத்து ரகம். சூப்பர்மார்க்கெட் சங்கிலிகள் எல்லாக் கிளைகளுக்கும் ஒரே பட்டியலை அனுப்புவது வழக்கம். உங்கள் குளிர்காலம் எவ்வளவு நீளம் என்று அந்தப் பட்டியலுக்குத் தெரியாது. பல ஆப்பிள் ரகங்களுக்கு 7 டிகிரி செல்சியஸுக்குக் கீழே பல நூறு மணிநேரக் குளிர் தேவை. அது கிடைக்காவிட்டால் மொட்டு சரியாக விரியாது. வெப்பமான இடத்தில் இருப்பவர் இஸ்ரேலில் உருவான அன்னா, பஹாமாஸில் கண்டெடுத்த டோர்செட் கோல்டன் போன்ற குறைந்த குளிர் போதுமான ரகங்களைத் தேடிப் போக வேண்டும். அவை பெரும்பாலும் நர்சரியில்தான் கிடைக்கும்.

மகரந்தத் துணையும் முக்கியம். பெரும்பாலான ஆப்பிள் மரங்கள் தன் மகரந்தத்தில் காய்க்காது. அருகில் அதே சமயம் பூக்கும் வேறு ரகம் வேண்டும். பிராம்லி போன்ற ரகங்களின் மகரந்தம் மற்றவற்றுக்கும் உதவாது. செர்ரியில் கனடாவின் சம்மர்லேண்டில் உருவாகி 1968இல் வெளியான ஸ்டெல்லா தனியாகவே காய்க்கும். ப்ளமில் விக்டோரியாவும் அப்படித்தான். ஒரே ஒரு மரம் நட மட்டுமே இடமுள்ளவர் இப்படித் தானே காய்க்கும் ரகத்தை எடுத்துக்கொண்டால் பாதிக் கவலை தீர்ந்தது.

(திரையில்: பிளாஸ்டிக் உறையில் வேர், மேலே துளிர்)

சரி, சூப்பர்மார்க்கெட்டில் எதைப் பார்த்து வாங்குவது? இலையுதிர் மரங்களை உறக்கக் காலத்தில் மண்ணில்லாமல் பிடுங்கி, வேரை ஈரநாரில் சுற்றி, பிளாஸ்டிக் உறையில் போட்டு விற்கிறார்கள். குளிர்ந்த இடத்தில் இருக்கும்வரை கன்று தூங்கும். சூடேற்றிய கடைக்குள் சில நாள் நின்றால் வசந்தம் வந்துவிட்டதாக நினைத்து மொட்டு விரிக்கத் தொடங்கும். வேர் இன்னும் மண்ணைத் தொடவில்லை, துளிர் தண்டின் சேமிப்பைத் தின்றுவிடும். அதனால் சரக்கு வந்திறங்கிய முதல் சில நாட்களிலேயே வாங்குங்கள். வெளுத்த நீளத் துளிர் விட்டதைத் தொடாதீர்கள். பருவக் கடைசியில் பாதி விலைக்குத் தள்ளுவதும் வேண்டாம்.

நகத்தால் பட்டையை லேசாகக் கீறிப் பாருங்கள், உள்ளே பச்சையாக, ஈரமாக இருக்க வேண்டும். ஒட்டில் வெடிப்போ அசைவோ இருக்கக் கூடாது. உறையை அழுத்தினால் வேர் மொறமொறவென்று காய்ந்த சத்தம் வந்தால் வைத்துவிட்டு வந்துவிடுங்கள். தொட்டிக் கன்று என்றால் அடியைப் பாருங்கள். வேர் சுற்றிச் சுற்றிக் கெட்டியாகப் பின்னியிருந்தால் பின்னாளில் அதே வேர் தண்டை நெரிக்கும். அப்புறம், பெரிய கன்றுதான் நல்லது என்று நினைக்காதீர்கள். ஓராண்டுக் கன்று சீக்கிரம் வேர்பிடிக்கும், விரும்பிய வடிவத்துக்குப் பழக்கவும் முடியும்.

சில மரங்களுக்கு இந்த விசாரணை அவ்வளவு தேவையில்லை. அத்தி, மாதுளை, மல்பெரி போன்றவை பெரும்பாலும் குச்சியை நட்டே வளர்க்கப்படுபவை. ஒட்டே இல்லை என்றால் மறைந்த கீழ்ப்பாதியும் இல்லை. கன்று ஆரோக்கியமாக இருந்தால் மலிவான கடையிலேயே தாராளமாக வாங்கலாம். நிறைய இடம் இருந்து, உயரம் பிரச்சினையில்லை என்றால் ஆப்பிள்கூட அங்கே வாங்கலாம்தான். தொட்டியிலோ சுவரோரமாகவோ வளர்ப்பவர்கள், மண் கடினமாக உள்ளவர்கள், பேரி, எலுமிச்சை நடுபவர்கள் நர்சரிக்குப் போங்கள்.

நர்சரி என்ற பலகையை மட்டும் நம்பியும் பணம் கொடுக்காதீர்கள். இது எந்த வேர்ச்செடி, கன்றுக்கு எத்தனை வயது, பக்கத்தில் எந்த ரகம் வேண்டும், சொன்ன ரகம் இல்லையென்றால் மாற்றித் தருவீர்களா என்று கேளுங்கள். ரகம் தவறு என்பது காய்த்த பிறகுதான் தெரியும் என்பதால் ரசீதை எடுத்து வையுங்கள். வேர்ச்செடியின் பெயர் தெரியாது என்றால் நீங்கள் பார்ப்பது அதிக விலை போட்ட சூப்பர்மார்க்கெட் கன்றுதான்.

(திரையில்: நடவு)

எங்கே வாங்கினாலும் நடும்போது ஒட்டு மண்ணுக்கு ஏறக்குறைய 10 சென்டிமீட்டர் மேலே இருக்கட்டும். மண்ணுக்குள் புதைந்தால் மேல்குச்சியே வேர்விட்டு, குட்டை வேர்ச்செடியின் பலன் போய்விடும். வெறும் வேர்க் கன்றை நடுவதற்கு முன் ஓரிரு மணிநேரம் தண்ணீரில் வையுங்கள். ஒட்டுக்குக் கீழே கிளைக்கும் துளிரை அவ்வப்போது கிள்ளிவிடுங்கள், அது வேர்ச்செடியின் துளிர். முதல் வருடம் பிஞ்சு வந்தால் மனதைத் திடப்படுத்திக்கொண்டு எல்லாவற்றையும் உதிர்த்துவிடுங்கள். அந்தச் சத்து வேருக்குப் போகட்டும்.