456 அடி கோபுரத்தை ஏன் இடிச்சாங்க? ரோலர் கோஸ்டர் ரசிகர்களோட அடுத்த கணக்கு

[திரையில்: குளிர்காலக் காலை. மொட்டை மரங்களுக்கு மேலே தனியாக நிற்கும் ஒரு கோபுரம். இசை இல்லை.]

2025 பிப்ரவரி 28. அமெரிக்காவுல நியூ ஜெர்சி மாநிலத்துல ஜாக்சன்னு ஒரு ஊர். காலையில வெடி வெச்சாங்க. 456 அடி கோபுரம், அதாவது 139 மீட்டர், சில நொடியில சாஞ்சு தரைக்கு வந்துடுச்சு.

அதோட பேரு கிங்டா கா. சிக்ஸ் ஃப்ளாக்ஸ் கிரேட் அட்வென்ச்சர் பார்க்குல 2005ல திறந்த ரோலர் கோஸ்டர். திறந்த நாள்லேர்ந்து மூடின நாள் வரைக்கும் உலகத்துலயே உயரமான கோஸ்டர் அதுதான். புயல்ல விழல, விபத்துல விழல. சொந்தக்காரங்களே ஆள் வெச்சு இடிச்சாங்க.

உலக சாதனையைக் கையில வெச்சிருக்கறவங்க அதைத் தானே உடைப்பாங்களா? ரோலர் கோஸ்டர் ரசிகர்கள் நாலு பேர் ஒண்ணா உட்கார்ந்தா பேச்சு இங்கதான் ஆரம்பிக்குது.

ரசிகர்னா, லீவுக்குப் போயி ஒரு ரவுண்டு கத்திட்டு வர்ற நம்மள மாதிரி ஆட்கள்னு நினைச்சுடாதீங்க. அமெரிக்கன் கோஸ்டர் என்தூசியாஸ்ட்ஸ்னு 1978லேர்ந்து ஒரு சங்கமே நடக்குது. ஏறின ஒவ்வொரு புது கோஸ்டரும் இவங்க கணக்குல ஒரு 'கிரெடிட்'. எந்த கோஸ்டர்ல எத்தனையாவது மேட்டுல எந்த சீட்டு நல்லா தூக்கிப் போடும்னு கேட்டா, பழைய கிரிக்கெட் ஸ்கோரை ஒப்பிக்கற மாதிரி சொல்லுவாங்க.

கிங்டா கா விஷயத்துல இவங்களுக்குக் கோபம் உண்டு. 2024 நவம்பர்ல கடைசி ஓட்டம் முடிஞ்சு சில நாள் கழிச்சுதான் 'இனிமே ஓடாது'ன்னு அறிவிப்பே வந்துச்சு. கடைசியா ஒரு தடவை ஏறி இறங்கிக்கோங்கன்னு யாரும் சொல்லல. சாவுக்குச் சொல்லி அனுப்பாத சொந்தக்காரன் மேல வர்ற கோபம் அது. ஆனா இடிச்சது சரியா தப்பான்னு கேட்டா, பாதிப் பேரு 'போகட்டும் விடுங்க'ன்னுடுவாங்க. ஏன்னு தெரியணும்னா அந்த மெஷினைக் கொஞ்சம் பிரிச்சுப் பார்க்கணும்.

[திரையில்: வரைபடம். எண்ணெய்த் தொட்டி, வாயு உருளை, பெரிய உருளையில் சுற்றிய இரும்புக் கயிறு.]

பழைய கோஸ்டர் சங்கிலியைப் பிடிச்சு மெதுவா மேல ஏறும். மிச்சத்தைப் புவியீர்ப்பு பார்த்துக்கும். கிங்டா காவுல அந்தச் சங்கிலி ஏத்தமே கிடையாது. நின்ன இடத்துலேர்ந்து மூன்றரை நொடியில மணிக்கு 206 கிலோமீட்டர். அந்த ஒரே உந்துதல்ல கோபுரத்தைச் செங்குத்தா ஏறித் தாண்டணும்.

இதுக்கு ஹைட்ராலிக் லான்ச்னு பேரு. கிணத்து ராட்டையை நினைச்சுக்கோங்க. ஒரு பெரிய உருளையில இரும்புக் கயிறு. கயிறோட நுனியில, வண்டியைக் கவ்விப் பிடிச்சு இழுக்கற ஒரு கொக்கி வண்டி. உருளையைச் சுத்தறதுக்கு எண்ணெய். பம்பு எண்ணெயைத் தள்ளத் தள்ள, உருளைகளுக்குள்ள இருக்கற நைட்ரஜன் வாயு நசுங்கும். திறந்து விட்டதும் அந்த வாயு எண்ணெயை ஒரே தள்ளா தள்ளும், மோட்டார்கள் சுழலும், கயிறு சுருளும், வண்டி பறக்கும். ஒவ்வொரு முறையும் மூணு, நாலு நொடிக்குள்ள இவ்வளவும் நடக்கணும். அடுத்த வண்டிக்கு மறுபடியும் முதல்லேர்ந்து.

கயிறு தேயும். சீல் கசியும். கிங்டா கா திறந்த சில வாரத்துலயே லான்ச் பகுதியில கோளாறாகி ரெண்டு மாசம் மூடிக் கிடந்துச்சு. 2009ல மின்னல் தாக்கி மறுபடியும் சில மாசம் போச்சு. காத்து பலமா அடிச்சா நிறுத்திடுவாங்க. மழைன்னாலும் நிறுத்திடுவாங்க.

இதுல ஒரு வேடிக்கை உண்டு. வேகம் கொஞ்சம் குறைஞ்சா வண்டி உச்சியைத் தாண்டாது, வந்த வழியே பின்பக்கமா இறங்கும். காந்த பிரேக் பிடிச்சு நிறுத்திடும், பயமில்ல. இதுக்குப் பேரு 'ரோல்பேக்'. பொதுஜனம் அலறும். ரசிகர்கள் இதுக்காகவே தவம் கிடப்பாங்க. ஒரு டிக்கெட்ல ரெண்டு லான்ச் கிடைக்குதே!

[திரையில்: இரண்டு குன்றுகள். ஒன்று மற்றதைப் போல இரு மடங்கு உயரம்.]

இப்ப ஒரு சின்னக் கணக்கு. பள்ளிக்கூடத்துல படிச்சதுதான். உயரத்துலேர்ந்து விழற பொருளோட வேகம், உயரத்தோட வர்க்கமூலத்துக்கு ஏத்த மாதிரிதான் கூடும். அப்படின்னா, கோபுரத்தை ரெண்டு மடங்கு உயரமாக் கட்டினாலும் கீழ வர்ற வேகம் ரெண்டு மடங்கு ஆகாது. 1.4 மடங்குதான். இரும்பு, அஸ்திவாரம், காத்தைத் தாங்கற பலம் எல்லாத்துக்கும் ஆகற செலவு அப்படிச் சாதுவா நிக்காது, எகிறிடும்.

மேல ஏறறதுலயும் இதே கதை. மணிக்கு 206 கிலோமீட்டர் வேகத்துக்கு, காத்தும் உராய்வும் இல்லாத உலகத்துல சுமார் 167 மீட்டர் ஏறலாம். கிங்டா கா ஏறினது 139. நடுவுல உள்ளதைக் காத்தும் சக்கரமும் தின்னுடும், உச்சியைத் தாண்டவும் கொஞ்சம் கையிருப்பு வேணும்.

இவ்வளவு பாடுபட்டு என்ன கிடைக்குது? மேல ஏறி, முறுக்கிக்கிட்டு இறங்கி, 129 அடியில ஒரே ஒரு மேடு, அப்புறம் பிரேக். மொத்தம் அரை நிமிஷம். அதுக்கு வெயில்ல மணிக்கணக்கா க்யூ.

[திரையில்: ஏரிக்கரைப் பூங்கா. வானத்தை மறைக்கும் தண்டவாளங்கள்.]

ஒஹையோ மாநிலம், சான்டஸ்கி. ஏரி ஈரிக் கரையில சீடர் பாயின்ட். உயரப் போட்டியையே வளர்த்து விட்ட பார்க் இது. 1989ல மேக்னம் 205 அடி. 2000ல மில்லேனியம் ஃபோர்ஸ் 310 அடி. 2003ல டாப் த்ரில் டிராக்ஸ்டர் 420 அடி. கிங்டா காவுக்கு அண்ணன் இது. ரெண்டையும் கட்டினது இன்டாமின்ங்கற கம்பெனி, ரெண்டுலயும் அதே ஹைட்ராலிக் லான்ச்.

2021 ஆகஸ்ட்ல அதுலேர்ந்து ஒரு இரும்புத் துண்டு கழண்டு பறந்து, க்யூவுல நின்ன ஒரு பெண்மணிக்குப் படுகாயம். அதோட அந்த டிராக்ஸ்டர் கதை முடிஞ்சுது. கோபுரத்தை மட்டும் விட்டு வெச்சு, இத்தாலியோட சம்பெர்லா கம்பெனி அதைப் புதுசாச் செஞ்சுது. கயிறும் எண்ணெயும் போயி காந்தம் வந்துச்சு. எல்.எஸ்.எம்.னு சொல்லுவாங்க. தண்டவாளம் நெடுக மின்காந்தங்கள், வண்டிக்கு அடியில காந்தங்கள். முன்னாடி இருக்கறது இழுக்கும், பின்னாடி இருக்கறது தள்ளும். எதுவும் எதையும் தொடறதில்ல, அதனால தேய்மானம் கம்மி.

ஒரே தள்ளுல ஏத்தணும்ங்கற கட்டாயமும் இதுல இல்ல. ஊஞ்சல் ஆட்டற மாதிரி மூணு தடவை தள்ளலாம். முதல்ல முன்னாடி 119 கிலோமீட்டர் வேகத்துல, பாதிக் கோபுரம் ஏறித் திரும்பும். அப்புறம் பின்பக்கமா 163, அங்க புதுசா நட்டு வெச்ச இன்னொரு 420 அடி தூண்ல செங்குத்தா ஏறும். பயணிங்க முகம் தரையைப் பார்த்து இருக்கும். மூணாவது தடவை 193, இப்பதான் உச்சியைத் தாண்டும்.

டாப் த்ரில் 2ன்னு பேரு வெச்சு 2024 மே மாசம் திறந்தாங்க. சுமார் ஒரு வாரம் ஓடுச்சு! வண்டிகள்ல மாத்தம் தேவைன்னு மூடினவங்க, அந்த சீசன் முழுக்கத் திறக்கல. 2025லதான் மறுபடி ஓட்டினாங்க.

'ஓடற கோஸ்டர்தான் நல்ல கோஸ்டர்'னு ரசிகர்கள் அலுத்துக்கறது இதனாலதான். ஆயிரம் கிலோமீட்டர் காரோட்டிக்கிட்டு வந்து வாசல்ல 'இன்று இயங்காது' பலகையைப் பார்த்தவங்களுக்குத்தான் அந்த வலி தெரியும்.

[திரையில்: அதே பூங்காவின் இன்னொரு மூலை. மரச்சட்டங்கள், அதன் மேல் பளபளக்கும் இரும்புத் தண்டவாளம்.]

சரி, இதே சீடர் பாயின்ட்ல ரசிகர்கள் தலையில வெச்சுக் கொண்டாடறது எதை? ஸ்டீல் வெஞ்சன்ஸ். 205 அடிதான், கிங்டா காவுல பாதிகூட இல்ல.

1991லேர்ந்து அந்த இடத்துல மீன் ஸ்ட்ரீக்னு ஒரு மர கோஸ்டர் இருந்துச்சு. மரத் தண்டவாளம்னா, பலகைகளை ஒண்ணு மேல ஒண்ணா அடுக்கி, மேல மெல்லிசா ஒரு இரும்புப் பட்டை. வண்டி ஓட ஓட, மழையும் வெயிலும் மாறி மாறி அடிக்க, பலகை நெகிழும். மாட்டு வண்டியில கப்பிக்கல் ரோட்டுல போன மாதிரி உடம்பு ஆட்டம் கண்டுடும். 2016ல மூடினாங்க. ஐடஹோ மாநிலத்து ராக்கி மவுன்டன் கன்ஸ்ட்ரக்ஷன் கம்பெனி வந்து, மரச்சட்டத்துல பெரும்பகுதியை அப்படியே வெச்சுக்கிட்டு, மேல முழு இரும்புத் தண்டவாளம் போட்டுச்சு. 2018ல திறந்தப்போ நாலு தடவை தலைகீழா போற, செங்குத்தா விழற கோஸ்டரா மாறியிருந்துச்சு. இவங்க இந்த வித்தையை முதல்ல செஞ்சது 2011ல, டெக்சஸ் ஜயன்ட்ல.

கோஸ்டர்ல ரசிகர்கள் எண்றது ஒண்ணைத்தான்: 'ஏர்டைம்', அதாவது சீட்டை விட்டு உடம்பு எழும்பற நேரம். டவுன் பஸ்ல கடைசி சீட்ல உட்கார்ந்து, டிரைவர் வேகத்தடையைக் கவனிக்காம விட்டா என்ன ஆகும்? நம்ம உடம்பு மேல போயிக்கிட்டே இருக்கும், சீட்டு மட்டும் கீழ இறங்கிடும். அதே கதைதான். மேட்டு மேல போற வண்டியை தண்டவாளம் கீழ இழுக்குது, உங்க உடம்போ வந்த வேகத்துலயே மேல போகப் பார்க்குது, தொடை மேல இருக்கற கம்பி பிடிச்சு நிறுத்துது. மெதுவா மிதக்க வெச்சா 'ஃப்ளோட்டர்'. தூக்கி எறியற மாதிரி இருந்தா 'எஜெக்டர்'. ஊழியர் அந்தக் கம்பியை ரொம்ப அழுத்திப் பூட்டிட்டா 'ஸ்டேப்பிள் பண்ணிட்டான்யா'ன்னு புலம்புவாங்க.

ஸ்டீல் வெஞ்சன்ஸ் திறக்கறப்போ பார்க் அறிவிச்ச கணக்குப்படி மொத்த ஏர்டைம் 27.2 நொடி. திரும்பிப் பாருங்க: கிங்டா காவோட மொத்தப் பயணமே அரை நிமிஷம்தானே! ஏர்டைம் எவ்வளவு பலம்னா, பயணிங்க கையிலேர்ந்து ஃபோன் பறந்து பறந்து, 2019ல க்யூவுக்குள்ளயே ஃபோன் கொண்டு வரக்கூடாதுன்னுட்டாங்க.

இதுலயும் ஒரு பஞ்சாயத்து உண்டு. மரக்கட்டைக்கு மேல இரும்பு போட்டா அது மர கோஸ்டரா, இரும்பு கோஸ்டரா? பழமை விரும்பிங்க இது கொலைன்னே சொல்லுவாங்க. அந்தச் சத்தம், அந்தக் கிறீச்சு, அந்த ஆட்டம் போச்சேன்னு. என் ஓட்டு இரும்புக்குத்தான். மூடிக் கிடக்கற கோஸ்டர்ல எந்தச் சத்தமும் வராது.

வருங்காலம்னு சொல்லி வந்து வந்த வழியே போனதும் உண்டு. 2015ல ஜெர்மனியோட யூரோப்பா பார்க்ல ஒரு கோஸ்டர்ல, கண்ணு முன்னாடி கற்பனை உலகத்தைக் காட்டற வி.ஆர். கண்ணாடி மாட்டி விட்டாங்க. அடுத்த வருஷமே பல நாட்டுப் பார்க்குங்க பின்னாடி ஓடுச்சு. ஒவ்வொருத்தருக்கும் கண்ணாடியை மாட்டணும், சரி பண்ணணும், துடைக்கணும். 24 பேர் வண்டியை நிமிஷத்துக்கு ஒண்ணு அனுப்பினா மணிக்கு 1,440 பேர் போகலாம். ரெண்டு நிமிஷத்துக்கு ஒண்ணுன்னா 720. பாதி! க்யூ இரட்டிப்பாச்சு, கண்ணாடி மூலைக்குப் போச்சு. வண்டி எத்தனை நொடியில கிளம்புதுன்னு கையில கடிகாரம் வெச்சுக்கிட்டு நிக்கற ரசிகர்களை நான் முதல்ல கிண்டல் பண்ணியிருக்கேன். இப்ப பண்றதில்ல.

[திரையில்: பாலைவனம், செங்குத்தான மலை விளிம்பு.]

அப்ப உயரப் போட்டி முடிஞ்சுதான்னு கேட்டா, சவூதிக்காரங்க சிரிப்பாங்க. ரியாத் பக்கத்துல கித்தியாவுல, ஃபால்கன்ஸ் ஃப்ளைட். மணிக்கு 250 கிலோமீட்டர், நாலு கிலோமீட்டருக்கு மேல நீளம், மலை விளிம்புலேர்ந்து பாய்ச்சல். அபுதாபியில ஃபார்முலா ரோசா 2010லேர்ந்து வெச்சிருந்த 240 கிலோமீட்டர் பட்டமும் இதுக்குப் போச்சு. கட்டினது யாரு? கிங்டா கா கட்டின அதே இன்டாமின். ஆனா இந்தத் தடவை கயிறு இல்ல, காந்தம். பணம் அரசாங்க முதலீட்டு நிதியோட பணம். டிக்கெட்டும் பாப்கார்னும் வித்துக் கடன் அடைக்க வேண்டிய ஒஹையோ பார்க்கும், நாட்டோட பேரை உலகத்துக்குக் காட்டக் கட்டற பார்க்கும் ஒரே கணக்குப் புத்தகத்துல எழுதறதில்ல.

நம்ம பக்கத்துச் சேதியும் ஒண்ணு. 2025 டிசம்பர்ல திறந்த வொண்டர்லா சென்னையில தஞ்சோரான்னு ஒரு கோஸ்டர் இருக்கு. தண்டவாளம் தலைக்கு மேல, கால் அந்தரத்துல தொங்கும். செஞ்சது ஸ்விட்சர்லாந்தோட பொலிகர் அண்ட் மாபிலார்ட். இந்த வகையை அவங்க முதல்ல ஓட விட்டது 1992ல. முப்பது வருஷத்துக்கு மேல அடிபட்டுத் தேறின வடிவம். புதுமைன்னு பார்த்தா மார்க் குறையலாம். திறந்த வாரமே மூடற தலைவலிக்கு இது எவ்வளவோ மேல்.

[திரையில்: மீண்டும் நியூ ஜெர்சி. வெற்று மைதானம். கேமரா மெல்லத் திரும்புகிறது.]

கடைசியா கிரேட் அட்வென்ச்சருக்கே வருவோம். கிங்டா கா நின்ன அதே பார்க்குல எல் டோரோன்னு ஒரு மர கோஸ்டர். 2006ல வந்தது, 181 அடி. தொழிற்சாலையிலேயே துல்லியமா வெட்டிக் கொண்டு வந்து பொருத்தின மரத் தண்டவாளம் அது. அதுக்கும் கெட்ட காலம் வந்துச்சு: 2022 ஆகஸ்ட்ல பயணிங்க காயப்பட்டு மூடினாங்க, தண்டவாளத்தைச் சரி பண்ணி அடுத்த வருஷம்தான் திறந்தாங்க.

ரசிகர்கள் அதுல கடைசி வரிசையைத்தான் கேட்டு வாங்குவாங்க. வண்டியோட முன்பாதி மேட்டைத் தாண்டி விழ ஆரம்பிச்சதும், பின்னாடி இருக்கறவங்களை வெடுக்குனு இழுத்துக்கிட்டுப் போகுமே, அதுக்காக. டவுன் பஸ்ல கடைசி சீட்டுக்கு ஓடின பசங்களுக்கு இதை விளக்கவே வேண்டாம்.