மகரந்தம் முளைக்கக் கால்சியம்

நேயர்களுக்கு வணக்கம்.

சர்க்கரைக் கரைசல் சொட்டில் மகரந்தத்தை நிறையத் தூவினால் நன்றாக முளைக்கும். அதே சொட்டில் நாலைந்து மணிகளை மட்டும் போட்டால் பெரும்பாலும் அப்படியே கிடக்கும். நெடுநாள் புரியாமலிருந்த இந்தக் கூட்ட விளைவுக்கு 1963-இல் புரூபேக்கர், குவாக் என்ற இருவர் விடை கண்டார்கள். மகரந்தங்களிலிருந்து கசிந்து ஒன்றுக்கொன்று உதவும் அந்தப் பொருள் வேறெதுவுமில்லை, கால்சியம்தான். சொட்டில் கால்சியம் சேர்த்ததும் தனித்துக் கிடந்த மணிகளும் முளைத்தன. 86 தாவர இனங்களில் இதைச் சோதித்தார்கள்.

கால்சியத்துக்கு அங்கே என்ன வேலை? முளைத்த மணியிலிருந்து நீளும் மகரந்தக் குழல் நுனியில் மட்டுமே வளர்கிறது. நுனிச் சுவரில் புதிதாக வந்து சேரும் பெக்டின் என்ற பசைப்பொருள் இளக்கமானது. நுனியை விட்டுப் பின்னே போகப் போக, ஒரு நொதி பெக்டினிலுள்ள மெதில் தொகுதிகளை நீக்குகிறது. அந்த இடங்களில் கால்சியம் புகுந்து இழைகளைப் பிணைத்துச் சுவரை இறுக்குகிறது. கால்சியம் போதாவிட்டால் நுனி வெடித்து உள்ளிருப்பது சிதறிவிடும். மிஞ்சினால் சுவர் விறைத்து வளர்ச்சி நின்றுவிடும். குழலுக்கு உள்ளேயும் நுனியில்தான் கால்சியம் செறிந்திருக்கிறது. லில்லி மகரந்தக் குழலில் அந்தச் செறிவு ஏறி இறங்கும் அதே தாளத்தில் வளர்ச்சி வேகமும் ஏறி இறங்குகிறது. எனக்கு அலுக்காத காட்சி இது.

மாணவர்கள் தாளும் பேனாவும் எடுத்துக்கொள்ளுங்கள். அந்த இருவர் வகுத்த கரைசலைச் சொல்கிறேன். 100 மி.லி. கரைசலுக்குச் சில பொருள்கள் பத்து மில்லிகிராமே வேண்டும்; அதைச் சாதாரணத் தராசில் நிறுக்க முடியாது. எனவே முதலில் பத்து மடங்கு அடர்ந்த கரைசல். காய்ச்சி வடித்த நீர் 100 மி.லி.; அதில் போரிக் அமிலம் 100 மில்லிகிராம், கால்சியம் நைட்ரேட் 300, மக்னீசியம் சல்பேட் 200, பொட்டாசியம் நைட்ரேட் 100. இதில் 10 மி.லி. எடுத்து, 10 கிராம் சுக்ரோஸ் சேர்த்து, வடிநீர் விட்டு 100 மி.லி. ஆக்குங்கள். ஒப்பிட்டுப் பார்க்க, கால்சியம் நைட்ரேட் மட்டும் இல்லாத கரைசல் ஒன்றும் வேண்டும். சர்க்கரை சேர்த்த கரைசலை அன்றன்றே செய்யுங்கள். வைத்திருந்தால் பூஞ்சணம் பிடிக்கும்.

நித்தியகல்யாணிப் பூ நன்றாக வரும். அதன் மகரந்தப்பைகள் அல்லிக்குழாயின் வாய்க்குச் சற்றுக் கீழே ஒளிந்திருக்கும். ஊசியால் குழாயைக் கிழித்து, அன்று பூத்த பூவிலிருந்து தூளைத் தொட்டெடுத்துச் சொட்டில் வையுங்கள். ஈரத்தாள் விரித்த பெட்ரித் தட்டில் மூடிவைத்து, அரை மணிக்கு ஒருமுறை நுண்ணோக்கியில் பாருங்கள். குழலின் நீளம் மணியின் விட்டத்தைத் தாண்டினால்தான் முளைத்ததாகக் கணக்கு.

பலரும் தவறுவது தண்ணீரில். கரைசலிலுள்ள கால்சியம் லிட்டருக்குச் சுமார் 51 மில்லிகிராம்தான். ஆழ்துளைக் கிணற்றின் கடின நீரில் அதைவிடக் கூடுதலாகவே இருக்கலாம். அந்த நீரில் கலக்கினால் கால்சியம் சேர்க்காத சொட்டிலும் மகரந்தம் முளைத்து, வித்தியாசமே தெரியாது. ஸ்லைடு, துளிக்குழாய், குடுவை எல்லாவற்றையும் கடைசியாக வடிநீரிலேயே அலசுங்கள். தூளையும் கொஞ்சமாகவே போடுங்கள். நெருக்கமாக விழுந்தால் அவற்றிலிருந்து கசியும் கால்சியமே போதுமானதாகிவிடும்.

கால்சியம் உள்ள சொட்டு, இல்லாத சொட்டு இரண்டிலும் குழல் வெடித்தால் சுக்ரோஸை 15 சதவீதமாக உயர்த்திப் பாருங்கள். மக்காச்சோளம், நெல் போன்ற புல்லினங்களை முதல் முயற்சிக்கு எடுக்க வேண்டாம். அவற்றின் மகரந்தம் பூவை விட்டு வெளியே வந்ததும் விரைவில் உயிரிழந்துவிடும்.

நன்றி, வணக்கம்.