சித்தப்பாவின் செருப்பும் மிஸ்டர் ஸ்மித்தின் தொப்பியும்

நேயர்களுக்கு வணக்கம்.

காதலும் சிரிப்பும் நாயும் சேர்ந்த படம் ஒன்றைப் பற்றிப் பேச வரச் சொன்னார்கள். சொன்னவுடன் எனக்கு ஞாபகம் வந்தது ஒரு வலது கால் செருப்பு. படம் அப்புறம்தான் வந்தது. செருப்பிலிருந்தே தொடங்கிவிடுகிறேன்.

எங்கள் ஊர் கொழிஞ்சாம்பாறை. பாலக்காடு மாவட்டம், சித்தூர் தாலுகா. பஸ்ஸின் போர்டில் மலையாளம், உள்ளே பேசுவது பெரும்பாலும் தமிழ். கிழக்கே கொஞ்ச தூரம் போனால் தமிழ்நாடு. நான் சொல்வது 1990-ல் நடந்தது. தமிழ்நாட்டில் 1987-லேயே கள்ளுக்குத் தடை வந்துவிட்டது; எங்கள் பக்கம் தென்னை மரமேறி இறக்குவதும் ஷாப்பில் ஊற்றுவதும் வழக்கம்போல் நடந்தது. பொள்ளாச்சிப் பக்கம் இருந்த என் சித்தப்பாவுக்கு அண்ணன் குடும்பத்தின் மேல் பாசம் பெருகியதும் சரியாக அதற்குப் பிறகுதான். வியாழக்கிழமை ஆனால் வந்துவிடுவார். சித்தியிடம் சொல்லிவிட்டு வருவது, பொள்ளாச்சி மாட்டுச் சந்தைக்குப் போகிறேன் என்று.

ஒரு வியாழக்கிழமை மத்தியானம், சித்தப்பா ஷாப்பிலிருந்து வந்து பின்கட்டுக் கயிற்றுக் கட்டிலில் சாய்ந்திருந்த நேரம், வாசலில் சித்தி. வேறு எதற்கோ இந்தப் பக்கம் வந்தவர், எட்டிப் பார்க்க வந்திருக்கிறார். அம்மா ஒரு நொடியில் கணக்குப் போட்டார். சித்தப்பாவைத் தொழுவத்துக்குத் தள்ளி, துண்டை அடுக்களைக்குள் வீசி, செருப்பைத் தவிட்டு மூட்டைக்குப் பின்னால் காலாலேயே தள்ளிவிட்டு, "வா கண்ணு, கொழுந்தனாரு வரலியா?" என்றார்.

"அவரு சந்தைக்குப் போயிருக்காருக்கா. ராத்திரி ஆகும்."

காப்பி வந்தது. பேச்சும் நன்றாகத்தான் போனது. அப்போது எங்கள் மணி, செம்பட்டை நிற நாட்டு நாய், வாயில் எதையோ கவ்விக்கொண்டு வந்து சித்தியின் காலடியில் போட்டது. செருப்பு. அறுந்த வாரைச் சிவப்பு நூலால் தைத்திருந்த செருப்பு. அம்மா பாய்ந்து எடுத்து, "சனியன், தெருவுல கெடக்கறதெல்லாம் தூக்கியாருது" என்று வெளியே வீசினார். வீசினால் மணி விடுமா? விளையாட்டு என்று நினைத்து ஓடிப்போய் மறுபடி கொண்டுவந்தது. இந்த முறை வாலை வேறு ஆட்டியது.

பல வருடம் கழித்து, பாலக்காட்டில் ஒரு திரைப்படச் சங்கத் திரையிடலில் 'தி ஆஃபுல் ட்ரூத்' என்ற பழைய அமெரிக்கப் படம் பார்த்தேன். 1937-ல் வந்த கறுப்பு வெள்ளைப் படம். கேரி கிராண்ட் கணவன், ஐரீன் டன் மனைவி. படம் தொடங்கிக் கொஞ்ச நேரத்திலேயே நான் நாற்காலி நுனிக்கு வந்துவிட்டேன். கணவன் ஃபுளோரிடா போய்வந்ததாகச் சொல்கிறான். வெயிலில் கறுத்த நிறம் வேண்டும் என்று விளக்குச் சூட்டில் உடம்பைக் காட்டியிருக்கிறான். மனைவிக்கு ஆரஞ்சுக் கூடை கொண்டுவருகிறான். பழத்தின் தோலிலோ கலிபோர்னியா என்ற முத்திரை! பொள்ளாச்சிச் சந்தைக்குப் போனவர் கையில் பாலக்காட்டு நேந்திரங்காய் வறுவல் இருந்தால் எப்படி, அப்படி.

இருவருக்கும் ஒருவர் மேல் ஒருவருக்குச் சந்தேகம். விவாகரத்து என்று கோர்ட்டுக்குப் போகிறார்கள். தீர்ப்பு முழுதாகச் செல்லுபடியாக 90 நாள். இதில் பெரிய வழக்கு நாய் யாருக்கு என்பதுதான். பெயர் மிஸ்டர் ஸ்மித். நாயை நடுவில் விட்டு, யார் கூப்பிட்டுப் போகிறதோ அவருக்கே என்கிறார் நீதிபதி. மனைவி யாருக்கும் தெரியாமல் அதன் விளையாட்டுப் பொம்மையைக் காட்டுகிறாள். ஸ்மித் அவளிடம் ஓடிவிடுகிறது. நீதி நிலைநாட்டப்பட்டது! சிரிப்புக்காக எழுதிய காட்சிதான். ஆனால் அதே கலிபோர்னியாவில் 2019 முதல், விவாகரத்து வழக்கில் செல்லப்பிராணியை யார் பராமரிப்பது என்பதையும் நீதிமன்றம் கவனிக்கலாம் என்று சட்டமே வந்துவிட்டது.

இனி தொப்பிக் காட்சி. மனைவியின் வீட்டில் அவளுடைய பாட்டு வாத்தியார் இருக்கிறார். கணவன் வருகிறான். வாத்தியாரை உள்ளறைக்குள் தள்ளிவிடுகிறாள். அவர் தொப்பி வெளியே கிடக்கிறது, அதையும் ஒளிக்கிறாள். ஒளித்ததைத் தேடி எடுப்பது ஸ்மித்துக்குப் பழகிய விளையாட்டு. கவ்விக்கொண்டு வருகிறது. அவள் பிடுங்கி இன்னொரு இடத்தில் ஒளிக்கிறாள். மறுபடி வருகிறது. கடைசியில் கணவன் அதைத் தன் தொப்பி என்று எடுத்துத் தலையில் வைத்தால், காது வரைக்கும் இறங்குகிறது. கண்ணாடி முன் நின்று, தலை சிறுத்துவிட்டதா என்கிற மாதிரி ஒரு பார்வை பார்க்கிறான் பாருங்கள், அரங்கமே சிரித்தது. எனக்குச் சிரிப்போடு அம்மாவின் முகமும் ஞாபகம் வந்தது.

இந்தத் தொப்பி வித்தை எங்கிருந்து வந்தது என்பது பிறகுதான் புரிந்தது. படத்தின் இயக்குநர் லியோ மெக்கேரி, லாரல்–ஹார்டியை ஜோடி சேர்த்தவர்களில் ஒருவர். தொப்பி மாறிப்போய்த் திண்டாடும் அந்த இருவரை நம் ஊர் டென்ட் கொட்டகை வரை எல்லோரும் பார்த்திருக்கிறோம். மெக்கேரி முழு வசனத்தை முன்கூட்டி எழுதி வைத்துக்கொள்ள மாட்டாராம். படப்பிடிப்பில் பியானோ வாசித்துக்கொண்டே, இப்படிச் செய்து பாரேன் என்பாராம். கேரி கிராண்ட் பயந்துபோய், என்னை விட்டுவிடுங்கள் என்று கேட்ட கதை உண்டு. அந்தப் படத்துக்காகச் சிறந்த இயக்குநருக்கான ஆஸ்கரும் அவருக்குக் கிடைத்தது.

ஸ்மித்தாக நடித்த நாயின் பெயர் ஸ்கிப்பி. வயர் ஃபாக்ஸ் டெரியர் இனம். சுருட்டை முடி, தாடி வைத்தது போன்ற மூஞ்சி. 1934-ல் 'தி தின் மேன்' படத்திலேயே பெயர் வாங்கியாகிவிட்டது. 1938-ல் 'பிரிங்கிங் அப் பேபி' படத்தில் கேரி கிராண்ட் பாடுபட்டுத் தேடிய டைனோசர் எலும்பைத் தூக்கிக்கொண்டு போய் மண்ணில் புதைத்ததும் இதே ஆள்தான். வெளியே அவ்வளவு சாதுவில்லை. தன்னை ஒருமுறை கடித்ததாக 'தின் மேன்' நாயகி மிர்னா லாய் சொல்லியிருக்கிறார்.

அந்தக் காட்சியை நான் நாலைந்து முறை பார்த்துவிட்டேன். பார்க்கப் பார்க்க ஒன்று தெரிகிறது. மனிதர்கள் அத்தனை பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டே நடிக்கிறார்கள். ஸ்கிப்பி யார் முகத்தையும் பார்ப்பதில்லை. அதற்குத் தொப்பிதான் முக்கியம். யாரையும் காட்டிக்கொடுக்கும் எண்ணம் அதற்குக் கிடையாது. காப்பாற்றும் எண்ணமும் கிடையாது. நம் படங்களில் நாயை வில்லன் மேல் பாயவிடுகிறோம், நாயகனுக்காகக் கண்ணீர் விடவைக்கிறோம். நாய் நாயாகவே இருந்தாலே எவ்வளவு சிரிக்கலாம் என்று இந்தப் பழைய படம் கண்டுபிடித்திருக்கிறது. மணியும் அப்படித்தான். செருப்பைக் கொண்டுவந்தால் மறுபடி யாராவது வீசுவார்கள், அவ்வளவுதான் அதன் கணக்கு.

அன்று சித்தி என்ன செய்தார் என்று சொல்லவில்லையே. செருப்பைக் கையில் எடுத்தார். சிவப்புத் தையலை விரலால் தடவினார். தைக்கக் கொடுத்து வாங்கியவரே அவர்தானே. அம்மாவிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஒரு பழைய பேப்பர் வாங்கிச் சுற்றிப் பைக்குள் வைத்துக்கொண்டு, "பஸ்ஸுக்கு நேரமாச்சுக்கா" என்று கிளம்பிவிட்டார்.

இருட்டும் நேரத்தில் சித்தப்பா தொழுவத்திலிருந்து வந்து தவிட்டு மூட்டையைப் புரட்டிப் புரட்டித் தேடினார். அம்மா வாயைத் திறக்கவில்லை. அப்பாவின் ரப்பர் செருப்பைப் போட்டுக்கொண்டு ஊர் போய்ச் சேர்ந்தார். அங்கே என்ன நடந்தது என்று இரு வீட்டிலும் யாரும் பேசியதில்லை.

மூன்று வியாழக்கிழமை ஆள் வரவில்லை. நாலாவது வியாழன் வந்தார். காலில் அதே ரப்பர் செருப்பு. மணி எழுந்து சோம்பல் முறித்தது. சித்தப்பா அதையே பார்த்துக்கொண்டு இரண்டு செருப்பையும் கழற்றி, எக்கிக் கூரை ஓட்டுக்கு அடியில் செருகிவிட்டுத்தான் திண்ணையில் உட்கார்ந்தார்.

நன்றி, வணக்கம்.