லிங்கன் வீட்டு நிலப் பத்திரங்கள்

அனைவருக்கும் மாலை வணக்கம்.

பத்தொன்பதாம் நூற்றாண்டு அமெரிக்காவில் உழுது பிழைத்த ஒரு குடும்பத்தின் கொடிவழியை எப்படித் தேடுகிறார்கள் என்று பேசச் சொன்னீர்கள். நான் ஆபிரகாம் லிங்கனின் குடும்பத்தை எடுத்துக்கொண்டேன். அவர் ஜனாதிபதியான கதை உங்களுக்குத் தெரியும், அதை விட்டுவிடலாம். அவருக்கு முன்னால் காடு வெட்டி, சோளம் விதைத்து, ஊர் ஊராக நகர்ந்தவர்களைப் பற்றித்தான் இன்றைய பேச்சு. விவசாயக் குடும்பத்தின் வரலாறு வேண்டுமென்றால் முதலில் நிலத்தைத் தேட வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம். பத்திரம் யார் பெயரில் இருந்தது, ஏன் கை மாறியது என்று கேட்டுக்கொண்டே போனால், அந்தக் குடும்பம் ஏன் அங்கிருந்து கிளம்பியது என்பது புரிந்துவிடும்.

லிங்கனுக்கே தன் பூர்விகம் அதிகம் தெரியாது. 1848இல் அவர் அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸின் உறுப்பினராக இருந்தபோது, மாசசூசெட்ஸிலிருந்து சாலமன் லிங்கன் என்பவர் அவருடைய முன்னோரைப் பற்றி விசாரித்தார். தாத்தா பெயரும் ஆபிரகாம்தான், வர்ஜீனியாவின் ராக்கிங்ஹாம் கவுண்டியிலிருந்து (கவுண்டி என்றால் நம் மாவட்டம் போல) கென்டக்கிக்கு வந்தவர், அதற்கு முன் பென்சில்வேனியாவின் பெர்க்ஸ் கவுண்டி என்று கேள்வி. இவ்வளவுதான் அவரால் சொல்ல முடிந்தது. பிறகு அவரே வர்ஜீனியாவில் இருந்த டேவிட் லிங்கனுக்குக் கடிதம் எழுதி விசாரித்திருக்கிறார்.

விட்டுப்போன கண்ணிகளைப் பின்னால் வந்த ஆய்வாளர்கள் சேர்த்தார்கள். 1637இல் இங்கிலாந்தின் நார்ஃபோக்கிலிருந்து மாசசூசெட்ஸின் ஹிங்கம் ஊருக்கு வந்த சாமுவேல் லிங்கன் என்ற நெசவாளிதான் மூலவர். அவர் மகன் மோர்டெகாய், பேரனும் மோர்டெகாய். பேரன் நியூ ஜெர்சி வழியாகப் பென்சில்வேனியாவுக்குப் போனார். அவர் மகன் ஜான் 1768இல் வர்ஜீனியாவுக்கு. ஜானின் மகன் ஆபிரகாம் 1780களின் தொடக்கத்தில் கென்டக்கிக்கு. அவர் மகன் தாமஸ், தாமஸின் மகன்தான் நாம் அறிந்த லிங்கன். ஏழு தலைமுறை. ஒரே பெயர் திரும்பத் திரும்ப வருவதால், எந்த மோர்டெகாய் என்று பிரிப்பதற்கே நிலப் பத்திரமும் உயிலும் தேவைப்பட்டன.

இப்போது 1786க்கு வருவோம். தாத்தா ஆபிரகாம் கென்டக்கியில் தன் வயலில் வேலை செய்துகொண்டிருந்தபோது பழங்குடி வீரர்களால் சுடப்பட்டு இறந்தார். மூத்த மகன் மோர்டெகாய் வீட்டுக்குள்ளிருந்து துப்பாக்கி எடுத்துச் சுட்டுத் தம்பி தாமஸைக் காப்பாற்றினார். வேறெந்தக் குடும்பக் கதையையும் விட இதுதான் தன் மனதில் ஆழமாகப் பதிந்தது என்று லிங்கன் பின்னாளில் எழுதினார். கொடிவழி தேடுபவரோ இந்த இடத்தில் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். இறந்தவர் உயில் எழுதி வைக்கவில்லை. கென்டக்கி அப்போது வர்ஜீனியாவின் பகுதி. உயில் இல்லாவிட்டால் நிலம் முழுக்க மூத்த மகனுக்கே என்பது அங்கே சட்டம். அந்தச் சட்டத்தை ஒழிக்கும் மசோதா முன்பே நிறைவேறியிருந்தது, ஆனால் 1787 தொடக்கத்தில்தான் அமலுக்கு வந்தது. மரணம் சில மாதங்கள் முந்திவிட்டது. ஆயிரக்கணக்கான ஏக்கர் மோர்டெகாய்க்குப் போனது. சிறுவன் தாமஸ் கூலி வேலைக்குப் போனார். படிப்பு வாசனையே இல்லாமல், தட்டுத்தடுமாறிக் கையெழுத்துப் போடும் அளவுக்கே தந்தைக்கு எழுதத் தெரியும் என்று லிங்கன் சொல்லியிருக்கிறார். பலர் இதைத் தாமஸின் சோம்பலாக எழுதிவிட்டார்கள். அது பெரிய அநியாயம் என்பேன்.

தாமஸ் பாடுபட்டுக் கொஞ்சம் பணம் சேர்த்து, கென்டக்கியிலேயே நிலம் வாங்கினார். 1808இல் சிங்கிங் ஸ்பிரிங் என்ற இடத்தில் 300 ஏக்கர், விலை 200 டாலர். அடுத்த பிப்ரவரி 12இல் லிங்கன் பிறந்தது அங்கேதான். ஆனால் கென்டக்கியில் அரசு முன்கூட்டி நிலம் அளந்து வைக்கவில்லை. இந்த மரத்திலிருந்து அந்தப் பாறை வரை, அங்கிருந்து ஓடை வரை என்று அவரவர் எல்லை எழுதிக்கொண்டார்கள். மரம் விழுந்தால் எல்லையும் போச்சு. ஒரே நிலத்துக்கு இரண்டு மூன்று பேர் பத்திரம் வைத்திருந்தார்கள். சிங்கிங் ஸ்பிரிங் நிலத்தில் வில்லங்கம் வந்தது. அடுத்துப் போன நாப் கிரீக்கில் குடியானவர்களை வெளியேற்ற வழக்கு வந்தது. 1816 டிசம்பரில் குடும்பம் ஒஹையோ ஆற்றைத் தாண்டி இண்டியானாவுக்குப் போய்விட்டது. ஓரளவு அடிமைமுறை காரணம், முக்கியமாகக் கென்டக்கியின் நில உரிமைச் சிக்கல் காரணம் என்று லிங்கனே எழுதி வைத்திருக்கிறார்.

இண்டியானாவில் நிலை வேறு. 1785ஆம் ஆண்டின் நில ஆணைப்படி ஆறு மைலுக்கு ஆறு மைல் சதுரமாகப் பிரித்து, அதை 36 பகுதிகளாக்கி, ஒவ்வொன்றும் 640 ஏக்கர் என்று அரசே அளந்து விற்றது. தாமஸ் 1817 அக்டோபரில் வின்சென்ஸ் நில அலுவலகத்துக்குப் போய் ஏக்கர் இரண்டு டாலர் விலையில் 160 ஏக்கருக்குப் பதிவு செய்தார். முழுப் பணமும் கட்ட முடியாமல் பாதியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, 1827இல் 80 ஏக்கருக்குப் பட்டா வாங்கினார். அந்த 80 ஏக்கரில் வில்லங்கம் இல்லை.

இதுவரை நான் சொன்ன பெயர்கள் எல்லாமே ஆண்கள், கவனித்தீர்களா? பத்திரம் அவர்கள் பெயரில் இருந்ததுதான் காரணம். லிங்கனின் தாய் நான்சி ஹாங்க்ஸ் 1818 அக்டோபரில் இறந்தார். வெண்பூ பூக்கும் ஒரு நச்சுச் செடியை மேய்ந்த பசுவின் பாலைக் குடித்ததால் வரும் நோய் அது. நான்சி பெயரில் நிலம் இல்லை. அதனால் அவருடைய தாய் யார் என்பதில் நூறு ஆண்டுக்கு மேல் சண்டை நடந்தது. தாமஸுக்கும் நான்சிக்கும் திருமணமே நடக்கவில்லை என்று கூட வாய் கூசாமல் பேசினார்கள். லிங்கன் காலத்துக்குப் பிறகுதான் கென்டக்கியின் வாஷிங்டன் கவுண்டி ஆவணங்களில் 1806 ஜூன் மாதத் திருமணப் பத்திரம் அகப்பட்டது. தாய் யார் என்ற கேள்விக்கு, தாய்வழியாகவே இறங்கிவரும் மரபணுவைச் சோதித்து 2015இல் விடை சொன்னார்கள்: நான்சி, லூசி ஹாங்க்ஸின் மகள்.

குடும்ப பைபிளையும் சொல்ல வேண்டும். தந்தை 1851இல் இறந்தபிறகு லிங்கன் அதில் பிறப்பு, திருமணம், இறப்புகளைத் தன் கையால் எழுதினார். பிரசவத்தில் 1828இல் இறந்த அக்கா சாராவுக்கும், தங்களை வளர்த்த சித்தி சாரா புஷ்ஷுக்கும் அந்தப் பக்கத்தில் இடம் கிடைத்தது.

கணக்கெடுப்பில் தேடலாமே என்பீர்கள். 1840 வரை அமெரிக்கக் கணக்கெடுப்பில் வீட்டுத் தலைவர் பெயர் மட்டும்தான் இருக்கும். மற்றவர்கள் வயதுவாரியாகக் கட்டங்களில் வெறும் எண்ணிக்கை. 1850இல்தான் சுதந்திர மனிதர்கள் எல்லோருக்கும் பெயர் எழுதினார்கள். அடிமைப்பட்டிருந்தவர்களுக்குத் தனிப் பட்டியல், அதில் வயதும் பாலினமும் நிறமும் உண்டு, பெரும்பாலும் பெயர் கிடையாது.

இது லிங்கன் குடும்பத்துக்கு வெளியே உள்ள விஷயம் இல்லை. தாத்தாவின் தம்பி ஐசக் லிங்கன் டென்னசியில் அடிமைகளை வைத்திருந்தவர். இளைஞரான தாமஸ் அவரிடம் தங்கி வேலை செய்திருக்கிறார். அந்த வயலில் உழைத்தவர்களின் வாரிசுகள் இன்று தங்கள் கொடிவழியைத் தேடினால், கணக்கெடுப்பில் பெரும்பாலும் அடிமைமுறை ஒழிந்தபின் வந்த முதல் கணக்கெடுப்பான 1870 வரைதான் போக முடியும். அதற்கு முன்னால் போக, உடைமையாளர் வீட்டு உயில்களையும் சொத்துப் பட்டியல்களையும் புரட்ட வேண்டும். அங்கே மாடுகளுக்கும் கலப்பைகளுக்கும் நடுவே மனிதர்களின் பெயர் வரும், பெரும்பாலும் முதல் பெயர் மட்டும். ஆகவே எந்த விவசாயக் குடும்பத்தின் உயிலைப் படி எடுத்தாலும் அந்தப் பெயர்களையும் சேர்த்து எழுதுங்கள். நம் குடும்பம் இல்லையே என்று தாண்டிப் போகாதீர்கள். இன்னொரு வீட்டாருக்கு அந்த ஒரு வரியைத் தவிர வேறு ஆவணம் இருக்காது.