இரண்டு பாய் விரித்தால் போதும்

நடுவர் அவர்களே, மதுரை அரசரடியில் இந்த மாலையில் கூடியிருக்கும் பெரியோர்களே, வணக்கம். "மெனோனைட் சபையைத் தாங்குவது ஞாயிறு ஆராதனையா, வீட்டு ஐக்கியக் குழுவா?" என்பது தலைப்பு. மெனோனைட் என்பது ஒரு கிறிஸ்தவச் சபை மரபு. ஐக்கியக் குழு என்பது வீடுகளில் சிலராகக் கூடி வேதம் படித்து ஜெபிப்பது. நான் குழுவின் பக்கம். எனக்கு முன் பேசிய எதிரணி அண்ணன், ஆராதனைதான் சோறு, வீட்டுக் கூட்டம் தொட்டுக்கொள்ளும் கறி என்றார். எது சோறு என்று பார்த்துவிடுவோம்.

இந்த மரபு பிறந்த இடம் எது? 1525 ஜனவரி 21, சுவிட்சர்லாந்தின் சூரிச் நகரம், பெலிக்ஸ் மான்ஸ் என்ற விசுவாசியின் தாயார் வீடு. தனியாகக் கூடி வேதம் படிக்கக் கூடாது என்று நகர மன்றம் தடை போட்டிருந்தது. அதை மீறி இரவில் கூடினார்கள். அங்கே கான்ராட் கிரேபெல் என்பவர், ஜார்ஜ் பிளௌராக் என்பவருக்கு, வளர்ந்த வயதில் விசுவாசத்தைக் கேட்டு ஞானஸ்நானம் கொடுத்தார். இரண்டே வருடத்தில் மான்ஸை லிம்மாட் ஆற்றில் மூழ்கடித்துக் கொன்றார்கள். சபைக்குப் பெயர் தந்த மென்னோ சைமன்ஸ் கத்தோலிக்கக் குருத்துவத்தை விட்டு வந்ததோ 1536-இல். அவருக்கு 11 வருடம் முன்பே வீட்டுக் குழு வந்துவிட்டது, நடுவர் அவர்களே!

மத்தேயு 18 இந்தச் சபைக்கு முதுகெலும்பு. சகோதரன் தவறினால் முதலில் தனியாகப் போய்ச் சொல், கேட்காவிட்டால் ஒன்றிரண்டு பேரோடு போ, அதன் பிறகே சபைக்குக் கொண்டு வா. முன்வரிசைக்காரர் முதுகைப் பார்த்து 300 பேர் உட்காரும் இடத்தில் முதல் இரண்டு படியும் எப்படி நடக்கும்? யாருக்கு என்ன குறை என்றே தெரியாதே.

குழுவுக்கு 8 முதல் 12 பேர். ஏன் 12? ஆளுக்கு 3 நிமிடம் பேசினாலே அரை மணி நேரம் தாண்டிவிடும். பாட்டு 10 நிமிடம், வேதம் 25, பகிர்தல் 35, ஜெபம் 20. ஏழு மணிக்குத் தொடங்கினால் எட்டரைக்கு முடித்துவிட வேண்டும். திருமங்கலம் பஸ் பிடிக்கிறவர்கள் இருப்பார்கள். துணைத் தலைவரை ஆறு மாதம் முன்பே பழக்கி வைத்தால், 13-ஆவது ஆள் வரும்போது குழுவை அழாமல் இரண்டாக்கலாம்.

குழு எங்கே கெடுகிறது? அடுப்படியில். முதல் வாரம் டீயும் சுண்டலும். அடுத்த வாரம் பூரி. நாலாம் வாரம் பிரியாணி. ஐந்தாவது வீட்டுக்காரர், "இந்த மாசம் வேண்டாம், சொந்தக்காரங்க வர்றாங்க" என்பார். வசதியில்லாத வீடு இப்படித்தான் சத்தமில்லாமல் கழன்றுபோகிறது. எல்லா வீட்டிலும் டீயும் ஒரு பலகாரமும் மட்டும் என்று முதல் நாளே கட்டிவிட வேண்டும்.

அடுத்தது ஜெப விண்ணப்பம். "அந்த அக்காவுக்காக ஜெபிங்க" என்று தொடங்கி, வராத அக்காவின் குடும்பக் கதை முழுக்க வெளியே வந்துவிடும். தன் பாரத்தை மட்டும் சொல்லலாம். பிறருடையதை அவர் சம்மதத்தோடுதான். குழுவுக்குள் கைமாற்றும் கூடாது. உதவி தேவையென்றால் சபையின் உதவிக்காரர் (டீக்கன்) வழியாகப் போகட்டும். கடன் கொடுத்தவர் முன்னால் யாரும் மனம் திறக்க மாட்டார்கள்.

வீட்டுக் கூட்டம் சபையை உடைக்கும் என்பதற்கு எதிரணி 1860-ஐக் காட்டினார்கள். அன்றைய தென் ரஷ்யாவின் மெனோனைட் குடியிருப்பான மொலோச்னாவில், சபைத் தலைவரான மூப்பர் ஒப்பாதபோது சிலர் வீட்டில் நற்கருணை எடுத்தார்கள், எதிர்ப்பு வந்தது, மெனோனைட் பிரதரன் சபை பிரிந்தது. உண்மைதான், மறைக்கவில்லை. அதனால்தான் குழுத் தலைவர்கள் மாதம் ஒரு முறை மூப்பரோடு உட்கார வேண்டும் என்கிறோம். பாலம் உடைந்தால் பாலத்தைக் கட்டுவார்கள், அக்கரை ஊரையா காலி செய்வார்கள்?

கடைசியாக, பாதம் கழுவுதல். இயேசு சீஷர்களின் பாதம் கழுவிய யோவான் 13-ஐ வைத்துப் பல மெனோனைட் சபைகள் செய்வது. பத்துப் பேர் குழுவுக்கு இரண்டு பேசின், இரண்டு துண்டு, வெதுவெதுப்பான தண்ணீர். ஆண்கள் ஓர் அறை, பெண்கள் ஓர் அறை. சித்திரை வெயிலில் நடந்து வெடித்துப்போன குதிகாலை ஒருவர் உள்ளங்கையில் ஏந்துகிறார். கால் நீட்டியவர் கூச்சத்தில் விரலை மடக்குகிறார். போன மாதம் பேச்சு நின்றுபோன இருவராகக்கூட அவர்கள் இருக்கலாம். நடுவர் அவர்கள் அந்தப் பேசினையும் கணக்கில் எடுத்துக்கொண்டு தீர்ப்பு சொல்ல வேண்டும். வணக்கம்.