மீதி வைக்காத ஓர் எண்

(காரைக்குடியில் மாணவர்களும் பெற்றோரும் கூடிய அரங்கில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

பெரியோர்களே, ஆச்சிமார்களே, மாணவச் செல்வங்களே, வணக்கம்.

இன்று ஒரே ஓர் எண்ணைப் பற்றித்தான் பேசப் போகிறேன். 29,331 கோடியே 86 லட்சத்து 25 ஆயிரத்து 600. மாணவர்கள் எழுதிக்கொள்ளுங்கள்: 293318625600.

கோயில் வரியைப் புள்ளிக் கணக்கில், அதாவது மணமான தம்பதிக்கு ஒரு புள்ளி என்று, பிரித்துப் பழகிய ஊர் இது. பங்கு பிரிப்பதைப் பற்றி உங்களுக்கு நான் பாடம் எடுக்க வேண்டியதில்லை. 12 ரூபாயை 1, 2, 3, 4, 6, 12 பேருக்கு மீதியில்லாமல் பிரிக்கலாம். ஆறு காரணிகள். 12க்குக் கீழே எந்த எண்ணுக்கும் ஆறு கிடையாது. இப்படித் தனக்குக் கீழே உள்ள எல்லாவற்றையும் காரணி எண்ணிக்கையில் முந்துகிற எண்ணை உயர் பகு எண் என்கிறோம்.

1915இல் கேம்பிரிட்ஜில் இருந்தபோது ராமானுஜன் இவற்றைப் பற்றி ஒரு நீண்ட கட்டுரை எழுதினார். லண்டன் கணிதக் கழகத்தின் இதழில் அது வந்தது. மறு ஆண்டு அவருக்குப் பட்டம் வாங்கித் தந்ததும் அந்த ஆய்வுதான். நம் கோட்டையூர் வள்ளல் அழகப்பச் செட்டியார் ராமானுஜன் பெயரில் சென்னையில் கணித நிறுவனம் கண்டது 1950இல். ராமானுஜனைக் கொண்டாட இந்த மண்ணுக்குத் தனி உரிமை உண்டு என்றே நான் நினைக்கிறேன்.

அந்தக் கட்டுரையில் 6746328388800 வரை நூற்றுக்கும் மேற்பட்ட உயர் பகு எண்களின் பட்டியல் இருக்கிறது. கணினி இல்லாத காலம். அதில் ஒன்றே ஒன்று விடுபட்டுப்போனது. அதுதான் நம்முடைய எண்.

சரி, இதைப் பிரித்துப் பார்ப்போம். ஆறு 2, நான்கு 3, இரண்டு 5, இரண்டு 7, அப்புறம் 11, 13, 17, 19 ஒவ்வொன்று. எல்லாவற்றையும் பெருக்கினால் இந்த எண் வரும். காரணிகளை எண்ண ஒவ்வோர் அடுக்கோடும், அதாவது ஒரு பகா எண் எத்தனை முறை வருகிறதோ அதோடு, ஒன்றைக் கூட்டிப் பெருக்க வேண்டும்: 7 × 5 × 3 × 3 × 2 × 2 × 2 × 2. விடை 5,040.

அடுக்குகள் ஏன் இப்படி இறங்கிக்கொண்டே வருகின்றன? 2க்கு நான்கும் 3க்கு ஆறும் என்று மாற்றிப் போட்டாலும் காரணிகள் அதே 5,040தான். ஆனால் எண் வீணாகப் பெரிதாகிவிடும். ஆகவே சின்னப் பகா எண்ணுக்குத்தான் பெரிய அடுக்கு. அதே காரணத்தால் நடுவில் ஒரு பகா எண்ணைத் தாண்டிப் போகவும் முடியாது. கடைசிப் பகா எண் ஒரே முறைதான் வரும், 4, 36 இரண்டும் மட்டுமே விலக்கு என்று ராமானுஜன் நிறுவினார். அந்த முடிவு எனக்கு மிகவும் பிடித்தது.

அடுத்த உயர் பகு எண் 321253732800. நம் எண்ணிலிருந்து ஒரு 3, ஒரு 7 இரண்டையும் எடுத்துவிட்டு, 23ஐச் சேர்த்தால் அது வந்துவிடும். 21ஐக் கொடுத்து 23ஐ வாங்குகிறோம். எண் பத்தில் ஒரு பங்குகூட வளரவில்லை, காரணிகளோ 5,376 ஆகிவிடுகின்றன. எவ்வளவு நெருக்கமான போட்டி பாருங்கள்!

வீட்டுக்குப் போனதும் அந்தப் பட்டியலின் கடைசி எண்ணை, 6746328388800ஐ, 23ஆல் வகுத்துப் பாருங்கள். விடுபட்டுப்போன நம் எண்ணேதான் விடையாக வரும். கடைசி எண்ணுக்குக் காரணிகள் 10,080. நம் எண்ணுக்கு 5,040. இந்த இரண்டுமே உயர் பகு எண்கள்தான், அதையும் சரிபார்த்துவிடுங்கள்.